கோயில் வாசலில் சொன்னது

முரசுமோட்டை
6-1-1983

மீனம்மாவுக்கு,

ஐப்பசியில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. மார்கழியில் விளக்குச் சின்னமா பானைச் சின்னமா என்று கேட்டு இன்னொரு வாக்கெடுப்பு வைத்தார்கள். அந்த இரண்டாவது வாக்கெடுப்புக்கு மறுநாள், முதல் பஸ்ஸில், நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாய். எனக்குத் தேதி எழுதத் தெரியாது. ஆனால் இப்படிச் சொன்னால் யாரும் மறுக்க ஏலாது. வாக்கில்லாத நமக்கு அந்த இரண்டு நாளும் வயலில் வேலைதான். மேலே இருக்கிற தேதி ஜெகதீஸ்வரி அம்மா போட்டது. நான் சொல்லச் சொல்ல அவர்தான் இதை எழுதுகிறார். அவர் வீட்டுக்காரர் மயில்வாகனம் ஐயாவின் குசினி வாசலில் நிலத்தில் இருந்து சொல்கிறேன். கதிரை எடுத்துப் போட்டார்கள், வேண்டாம் என்றேன்.

நீ வவுனியாவில் அக்காள் வீட்டில் இருக்கிறதாகக் கிளிநொச்சிச் சந்தைக்கு வந்த ஆள் சொன்னான். பிள்ளையைக் கொண்டுவந்து விடு. கணபதி காய்ச்சலில் போய் ஒன்றரை வருசம். என் மகனுக்கென்று மிச்சம் சிவலட்சுமிதான்.

அவள் நாலு வயது முடிந்தும் பேசாமல் இருக்கிறது பிடிவாதம். நான் செய்யாதது ஒன்றுமில்லை. வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினேன். பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். காது கேட்காது என்று உன் அக்காள் சொல்கிறாளாம். பொய். போன பங்குனியில் கிளி கலைக்க நான் தகரம் அடித்தபோது பக்கத்தில் நின்ற பிள்ளை திரும்பிப் பார்த்தாள். வலது பக்கமாய்த் திரும்பினாள். கையில் பாதி கடித்த வெள்ளரிப் பிஞ்சு இருந்தது. அந்தளவுக்கு எனக்கு ஞாபகம்.

வீட்டில் நான் வைத்த ஒழுங்கு பிள்ளையின் நன்மைக்குத்தான். நீ அதை மீறினாய், நான் கத்தினேன். நீ போவதற்கு முதல் நாள் என் வாயில் வந்த வார்த்தையை இங்கே சொல்லவில்லை. எழுதுகிறவர் இருக்கிறார்.

"வேறை என்ன எழுத?" என்று அவர் கேட்கிறார். கறுப்பி ஆடு இரண்டு குட்டி போட்டது என்று எழுதச் சொன்னேன்.

இப்படிக்கு,
பழனியாண்டி


வவுனியா
2-3-1983

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தலைப்பில் "மருமகளுக்கு" என்று போட உங்களுக்கு வரவில்லை. கவனித்தேன். இந்தக் கடிதத்தையும் ஜெகதீஸ்வரி அம்மாதான் உங்களுக்கு வாசித்துக் காட்டுவார். அதற்காக நான் ஒன்றையும் குறைத்து எழுதப் போவதில்லை. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், என் கையால் எழுதுகிறேன்.

பாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஒரு டொக்டர் அவளை என் மடியில் இருத்திவிட்டு, முதுகுப் பக்கம் போய் நின்று மணி அடித்தார். கரண்டியால் கோப்பையில் தட்டினார். "சிவலட்சுமி" என்று கூப்பிட்டார். பாப்பா என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். கடைசியாய்க் கதவை அடித்துச் சாத்தினார். அப்போது திரும்பினாள். உங்கள் தகரத்துக்குத் திரும்பின மாதிரியே. பெரிய சத்தம் மட்டும் கொஞ்சம் கேட்குமாம். மனுசர் பேசுகிற சத்தம் பிறந்த நாளிலிருந்தே கேட்டிருக்காதாம். பிடிவாதம் இல்லை மாமா. அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு குணமே இல்லை.

டொக்டர் ஒன்று கேட்டார். "கூப்பிட்டா திரும்பிறேல்லை எண்டதை முதல்லை எப்ப கண்டனீங்கள்?"

நாம் கூப்பிட்டிருந்தால்தானே காண்பதற்கு!

முரசுமோட்டைக்கு வந்து முதல் பொங்கலுக்கு மறுநாள் நீங்கள் போட்ட சட்டத்தை நானே எழுதுகிறேன். "பாப்பா முன்னால நம்ம பேச்சு பேசக்கூடாது. இந்த ஊரு ஆளுங்க பேசுறதக் கேட்டு வளரட்டும். இல்லாட்டி இவளையும் தோட்டக்காட்டானு சிரிப்பாங்க." எனக்கு இந்த ஊர்ப் பேச்சு வராது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். மூன்று வருசம் தோளைத் தொட்டுக் கூப்பிட்டேன், கையைக் காட்டிக் கூப்பிட்டேன். தொட்டால் திரும்பினாள், காட்டினால் வந்தாள். காது கேட்காத பிள்ளைக்கு வேறு என்ன வேண்டும்? பெற்றவளுக்கே தெரியாமல் போனது. இரண்டு வயதுக்குள் கொண்டுவந்திருந்தால் இவ்வளவு பின்னுக்குப் போயிருக்காது, அந்த வயதில்தான் பேச்சு பிடிக்கும் என்று டொக்டர் சொன்னார். கோபமாய்ச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நல்லாய் இருந்திருக்கும்.

மனசு தாங்காமல் பின்வளவில் ஒருநாள் தாலாட்டுப் பாடினேன். அதற்குத்தான் நீங்கள் "ஊமையப் பெத்தவளுக்கு வாய் எதுக்கு" என்றீர்கள். நீங்கள் சொல்லாமல் விட்ட வார்த்தை அதுதான். நான் எழுதிவிட்டேன்.

ஆனால் நான் போனது அதற்காக மட்டும் இல்லை. அந்த முதல் பொங்கலன்று கோயில் வாசலில் நீங்கள் என்னைப் பற்றிச் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அதே வாசலில், அதே ஆட்கள் முன்னால், அதை மாற்றிச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எழுதுங்கள். அதுவரை பாப்பாவைக் கேட்க வேண்டாம்.

மீனம்மா


முரசுமோட்டை
10-4-1983

மீனம்மாவுக்கு,

உன் கடிதத்தை ஜெகதீஸ்வரி அம்மா சத்தமாய் வாசித்தார். "ஊமையப் பெத்தவளுக்கு" என்ற இடம் வந்தபோது அவர் குரல் இறங்கியது. நான் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கோயில் வாசல் வந்தது. நிறுத்தினார்.

"கோயில் வாசலிலை என்ன சொன்னனீங்கள், பழனியாண்டி அண்ணை?"

"ஞாபகம் இல்லைங்கோ அம்மா."

"உங்களுக்கோ? எங்கடை கிணத்துக்கு எத்தினையாம் நாள் தண்ணி வந்தது, முதல் வாளி அள்ளினது ஆர், அவர் என்ன நிறச் சாரம் கட்டியிருந்தவர் எண்டு சொல்லுற ஆளுக்கோ?"

பன்னிரண்டாம் நாள். பச்சைச் சாரம். ஆனாலும் கோயில் வாசல் எனக்கு ஞாபகம் இல்லை என்றே எழுதச் சொல்கிறேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுகிறார்.

டொக்டர் சொன்னதை நான் நம்பவில்லை என்று சொல்லத்தான் வந்தேன். சொல்ல வரவில்லை. இரண்டு கிழமையாய் வயலில் நின்று, எங்கள் சிவப்பி மாட்டைப் பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்க்கிறேன். மெதுவாய்க் கூப்பிட்டாலும் காதை ஆட்டுகிறது. மாடு திரும்புகிறது. பிள்ளை திரும்பினாளா என்று ஒருநாளும் பார்த்தவனில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினால் கேட்குமா? நீ இப்போது அவளை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாய்?

ஒரு போத்தல் தேன் அனுப்பியிருக்கிறேன். நாக்கில் தடவ இல்லை. சும்மா சாப்பிட.

பழனியாண்டி


வவுனியா
20-11-1983

மாமாவுக்கு,

ஆடிக் கலவரத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். எழுபத்தேழில் நாம் லொறியில் வந்து இறங்கின மாதிரியே இங்கே நாள்தோறும் வந்து இறங்கினார்கள். நாம் இருந்த தோட்டத்து ஆட்களும் வந்தார்கள். லயத்தில் நம் காம்பராவில் பிறகு குடியிருந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினேன். எழுத நேரம் கிடைக்கவில்லை. மனமும் இல்லை.

பாப்பாவுக்குக் காதில் போடுகிற மெசின் கிடைத்திருக்கிறது. அகதிகளைப் பார்க்க வந்த ஒரு சிஸ்டர் எடுத்துத் தந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. அதிலிருந்து வயர் காதுக்குப் போகிறது. பெட்டியை வைக்க அவள் எல்லாச் சட்டையிலும் நெஞ்சில் ஒரு பை தைத்தேன். முதல் நாள் போட்டதும் அழுதாள். எந்தச் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று தெரியாமல் சுவரைப் பார்த்து அழுதாள்.

முகத்துக்கு நேரே வெளிச்சத்தில் நின்று, செய்கிற வேலையெல்லாம் சொல்லிச் சொல்லிச் செய் என்று சிஸ்டர் சொன்னார். நான் கேட்டேன், "எங்க பேச்சு தோட்டத்துப் பேச்சு சிஸ்டர். பரவாயில்லைங்களா?" அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "எந்தக் கதை எண்டாலென்ன பிள்ளை, நீ முதல் வாயைத் திற" என்றார்.

திறந்தேன். இப்போது மூடுகிறதில்லை. அரிசி கழுவும்போது அரிசி, தீ மூட்டும்போது தீ, செருப்பு, ஈ, மழை. தைக்கிற கடையில் மற்றப் பொம்பிளைகள் என்னை வாயாடி என்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? மூன்று வருசத்துப் பேச்சு உள்ளே கிடக்கிறது.

போன வெள்ளிக்கிழமை செம்பைக் காட்டி "தண்ணி" என்றாள். முழுதாய் வரவில்லை, பாதிதான் வந்தது. அடுத்த மாதம் — இல்லை, இந்த மாதமே — அவளுக்கு ஐந்து வயது முடிகிறது. அக்காளின் கடைசிப் பிள்ளை அதை ஒன்றரை வயதில் சொன்னது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். நம் பேச்சில்தான் கூப்பிடுகிறேன். கோயில் வாசல் உங்களுக்கு ஞாபகம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஞாபகம் வரும்போது எழுதுங்கள்.

மீனம்மா


முரசுமோட்டை
22-1-1984

மீனம்மாவுக்கு,

எனக்கு ஞாபகம் இருக்கிறது. எப்போதும் இருந்தது.

இந்தப் பொங்கலன்று அதைச் சொல்வதற்கென்று கோயிலுக்குப் போனேன். அதே மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். மயில்வாகனம் ஐயா, ஜெகதீஸ்வரி அம்மா, கோயிலைப் பார்க்கிற ஏரம்பு. வேட்டியை இறுக்கிக்கொண்டு கிட்டப் போனேன். "என்ன பழனியாண்டி?" என்று ஏரம்பு கேட்டார். வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. "மழை இல்லை" என்றேன். "ஓம், மழை இல்லைத்தான்" என்றார். பொங்கலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஊமை யார் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஒரு கிழமை கழித்து இன்றைக்கு ஜெகதீஸ்வரி அம்மாவிடம் வந்திருக்கிறேன். இனி நான் சொல்வதை அவர் எழுத வேண்டும். எழுதுகிறவர் அந்த மூவரில் ஒருவர். அது தெரிந்துதான் சொல்கிறேன்.

எண்பதாம் வருசம் தைப்பொங்கல். நாம் இந்த ஊருக்கு வந்து பத்து நாள். கணபதி ஆனையிறவு உப்பளத்தில் வேலைக்கு நின்றான், பொங்கலுக்கு வரவில்லை. நான் என்னை வவுனியாப் பக்கத்து ஆள் என்று சொல்லி வைத்திருந்தேன். இந்த ஊர்ப் பேச்சை நான் எங்கே பழகினேன் என்று உனக்குத் தெரியாது. வவுனியாவில் மாடு பார்த்த இரண்டு வருசமும் மாட்டிடம் பேசிப் பழகினேன். "ஓம், வாறன். இல்லை, போட்டு வாறன்" என்று மாட்டைப் பார்த்துச் சொல்லிச் சொல்லி வாயைத் திருப்பினேன். மாட்டிடம் அவ்வளவு பேசினவன் பேத்தியிடம் பேசவில்லை.

வாசலில் மூன்று கல் வைத்துப் பொங்கினார்கள். நீ நீலச் சேலை கட்டியிருந்தாய், ஓரம் கிழிந்தது. பிள்ளைக்குப் பதினான்கு மாதம். அப்போதுதான் நடக்கத் தொடங்கினாள். அடுப்பைப் பார்த்து நடந்தாள். நீ கத்தினாய்: "பாப்பா, அங்கிட்டுப் போகாத, சுட்டுப்புடும்!"

ஏரம்பு சிரித்தார். "அங்கிட்டோ? இங்கிட்டு வந்தாச் சுடாதோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மீனம்மா. அதையும் எழுதுங்கோ என்று சொன்னேன்.

பிறகு ஜெகதீஸ்வரி அம்மா என்னைப் பார்த்து "இவ ஆர்?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "இவ எங்களோடை கூலிக்கு வந்த பொம்பிளை."

நீ அப்போது ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருந்தாய். முதுகு காட்டி நின்றாய். உனக்குக் கேட்கவில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

இதைச் சொல்லும்போது அவர் பேனா நின்றது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதையும் அப்படியே எழுதச் சொன்னேன். முதலில் மாட்டேன் என்றார்.

"அண்ணை, எனக்கு அண்டைக்கே தெரியும். பிள்ளைக்கு உங்கடை மூக்கு. நீங்கள் 'ஓம்' எண்டு சொல்லேக்கை ஆரோ அடிச்சுச் சொல்ல வைச்ச மாதிரி இருக்கும். எங்கை இருந்து வந்தனீங்கள் எண்டும் எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கேல்லை?"

"நீங்களே அப்பிடிச் சொன்னாப் பிறகு நான் ஏன் மாத்துவான்? கூலிக்கு வந்தவ எண்டு அவவுக்குக் கடைசியாத்தானே இலை போட்டனான். வெளியிலை." அதைச் சொல்லிவிட்டு அவர் கொஞ்ச நேரம் குசினிக்குள் போய் நின்றார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்றார். அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

ஆக, நான் சொன்ன பொய் ஒருவரையும் ஏமாற்றவில்லை. உன்னை நான் வீசி எறிந்தது சும்மா.

இன்னொன்று இருக்கிறது. இதை உனக்கும் சொல்லவில்லை. நீ கத்தியபோது நான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கத்தினாய், அவள் நிற்கவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை. தாய் அப்படிக் கத்தினால் எந்தப் பிள்ளையும் ஒரு அடி தயங்கும். அவள் தீயைப் பார்த்து நடந்துகொண்டே இருந்தாள். என் கண்ணால் கண்டேன். பதினான்கு மாதத்தில், எல்லாருக்கும் முன்னால், தனக்குக் காது கேட்காது என்று அந்தப் பிள்ளை காட்டினாள். நாங்கள் உன் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பழனியாண்டி


வவுனியா
5-1-1985

மாமாவுக்கு,

ஒரு வருசம் பதில் எழுதவில்லை. உங்கள் கடிதத்தை எடுப்பேன், மடித்து வைப்பேன். அடுப்புக் கதையை நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று சில நாள் நினைத்தேன். நான் கத்தியும் அவள் நிற்காததை நானும்தானே கண்டேன். குழந்தைதானே என்று நினைத்தேன். அந்தப் பழியில் எனக்கும் பங்கு இருக்கிறது. உங்களிடம் முழுதாய்த் தள்ளிவிட முடியவில்லை. அதுதான் கோபம்.

நீங்கள் ஒருவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். அதுவும் குசினி வாசலில். கோயில் வாசலில் இல்லை. இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

பாப்பாவை யாழ்ப்பாணப் பக்கம் காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறேன். அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். வருகிற பதினெட்டாம் தேதி காலை பஸ்ஸில் போகிறோம். பரந்தன் சந்தியில் நிற்கும். நீங்கள் வந்தால் பார்க்கலாம். நான் இறங்க மாட்டேன். அவளை ஜன்னலில் நிறுத்துகிறேன். அவள் வாயைப் பார்த்துத்தான் பேச்சை விளங்கிக்கொள்வாள். ஒரு சொல்லாவது நேரே பார்த்துச் சொல்லுங்கள்.

மீனம்மா


முரசுமோட்டை
27-1-1985

மீனம்மாவுக்கு,

காலை ஐந்து மணிக்கே சந்திக்கு வந்துவிட்டேன். பஸ் ஒன்பதரைக்கு வந்தது. நீ இடது பக்கம், பின்னிருந்து நாலாவது ஜன்னல். பிள்ளைக்கு ரெட்டைப் பின்னல், மஞ்சள் ரிப்பன். நெஞ்சில் பை. அதிலிருந்து வயர். கன்னத்தில் கணபதிக்கு இருந்த அதே குழி.

அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தாள். நான் ஏதோ தரப்போகிற மாதிரி வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சந்தியில் எங்கள் ஊர் ஆட்கள் ஐந்தாறு பேர் நின்றார்கள், ஏரம்புவும் நின்றார். எந்தப் பேச்சில் கூப்பிடுவது என்று நினைத்தேன். பாப்பா என்று நம் வழக்கத்தில் கூப்பிடவா, பிள்ளை என்று இந்த ஊர் வழக்கத்தில் கூப்பிடவா. அதை நினைத்து முடிப்பதற்குள் பஸ் இரைந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்து வருசம் பழகின வாய். மூடுகிறதுதான் அதற்குத் தெரியும்.

பிள்ளை தின்னக் கொண்டுபோன பனங்கட்டிக் குட்டானையும் தரவில்லை. கையிலேயே இருந்தது.

ஏரம்பு கேட்டார், "பஸ்ஸிலை ஆர், தெரிஞ்ச ஆக்களோ?" என்ன பதில் சொன்னேன் என்று ஜெகதீஸ்வரி அம்மாவிடமும் சொல்லவில்லை. உனக்கும் சொல்ல மாட்டேன். நீ ஊகித்துக்கொள்.

இனி உன்னிடம் ஒன்றும் கேட்க எனக்கு வாய் இல்லை.

பழனியாண்டி


வவுனியா
11-12-1988

மாமாவுக்கு,

மூன்று வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீங்கள் இருக்கிறீர்களா என்றுகூடத் தெரியாமல் எழுதுகிறேன். போன வருசம் சண்டை தொடங்கியதும் பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள். பாப்பாவைப் போய்க் கூட்டிவந்தேன். எப்படி வந்தோம் என்பதை எழுதவில்லை.

அவளுக்குப் பத்து வயது. பேசுகிறாள். குரல் மூக்கால் வருகிறது, சொல்லுக்குச் சொல் இழுக்கிறாள், புதிய ஆளுக்கு விளங்காது. தெருப் பிள்ளைகள் அவளைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்கிறார்கள். வீட்டுக்குள் ஒளிவாள் என்று பயந்தேன். அவள் ஒருத்தியைப் பிடித்து, "நீ பேசுறது எனக்கு வெளங்கல. என்னையப் பாத்து நல்லாப் பேசு" என்றாள். நம் பேச்சில். எங்கிட்டு, அங்கிட்டு எல்லாம் வருகிறது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டரை வருசம் படித்தும் அது போகவில்லை.

இதை எழுதுகிறது அதற்காக இல்லை. போன கிழமை திடீரென்று கேட்டாள்: "பஸ்ஸுக்கு வெளிய ஒரு தாத்தா நின்னாருல்ல, வாயை மூடிக்கிட்டு. அவரு யாரு?"

ஆறு வயதில் ஒரு தரம் கண்டது. உங்கள் ஞாபகசக்தி அவளுக்கு வந்திருக்கிறது.

நான் சொன்னேன்: "நாங்க கூலிக்குப் போன எடத்துல இருந்த ஒரு ஆளு."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், மாமா. ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டாள். நீங்கள் என்னை மறுத்த அதே பொய்யை நானே அவள் கையில் கொடுத்துவிட்டேன். அதை எப்படித் திருப்பி வாங்குவது? நீங்கள் சொன்னால்தான் நானும் மாற்றிச் சொல்லலாம்.

மீனம்மா


முரசுமோட்டை
20-1-1989

இந்தக் கடிதத்துக்குத் தலைப்பு இப்போது எழுத வேண்டாம், கடைசியில் சொல்கிறேன் என்று நேசமலரிடம் சொல்லியிருக்கிறேன். நேசமலர் ஜெகதீஸ்வரி அம்மாவின் மகள். நீ இருந்தபோது அரைப்பாவாடையோடு கிணற்றடியில் நிற்பாள். இப்போது படிப்பிக்கிறாள். இனி எனக்கு எழுதித்தர அவள்தான்.

உன் கடிதம் பொங்கலுக்கு நாலு நாள் முதல் வந்தது. நேசமலர் வாசித்தாள். "கூலிக்குப் போன எடத்துல இருந்த ஒரு ஆளு" என்ற இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். அது சரி. நான் விதைத்த வயல், நீ அறுத்தாய். பாப்பா ஏன் அதைச் சுமக்க வேண்டும்?

பொங்கலன்று விடியக் குளித்துக் கோயிலுக்குப் போனேன். சுவரில் இரண்டு பக்கம் உடைந்து கிடக்கிறது. வாசல் இருக்கிறது. அந்த மூன்று கல் வைத்த இடத்துக்கு நேரே நின்றேன். முப்பது பேர் வரை நின்றார்கள், பாதிப் பேர் பூநகரிப் பக்கமிருந்து இடம் மாறி வந்தவர்கள், எனக்கு முகம் தெரியாது. பொங்கல் பொங்கும்வரை பொறுத்தேன். பிறகு சத்தமாய்ச் சொன்னேன். பழகின பேச்சில் இல்லை. என் ஆத்தாள் எனக்குத் தந்த பேச்சில் சொன்னேன்.

"எல்லாருங் கேட்டுக்கங்க. ஒம்பது வருசத்துக்கு முன்னால இந்த எடத்துல ஒரு பொம்பளையக் காட்டி, கூலிக்கு வந்தவன்னு சொன்னேன். பொய்யி. அவ எம் மகன் கணபதி பொண்டாட்டி. அந்தப் புள்ள எம் பேத்தி. நாங்க தோட்டத்துல இருந்து வந்தவங்க."

யாரும் சிரிக்கவில்லை, மீனம்மா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு பொம்பிளை மற்றவளிடம் "பாவம் கிழவன், ஆரையோ பறிகுடுத்திட்டுது போலை" என்றாள். ஒரு சின்னப் பெட்டை இலையில் பொங்கல் கொண்டுவந்து தந்து, "பிடியுங்கோ அப்பு, கவனம், சுடும்" என்றாள். எந்தச் சிரிப்புக்குப் பயந்து உன்னை மறுத்தேனோ, உன் வாயைக் கட்டினேனோ, ஒரு பிள்ளையின் மூன்று வருசத்தைத் தின்றேனோ, அந்தச் சிரிப்பு அங்கே இல்லை. இலையை வைத்துக்கொண்டு நின்றேன். சாப்பிடவில்லை.

பரந்தன் சந்தியில் ஏரம்பு கேட்டதற்கு நான் சொன்ன பதிலையும் இப்போது எழுதச் சொல்கிறேன். "ஆரோ தெரியாத ஆக்கள்" என்றேன். இரண்டாம் தரமும் மறுத்தேன்.

பாப்பாவிடம் சொல். வெளிச்சத்தில் நிறுத்தி, முகத்தைப் பார்த்துச் சொல். வாயை மூடிக்கொண்டு நின்றவர் உன் தாத்தா. அவருக்குப் பேச்சு வரும், வெட்கத்தில் வரவில்லை என்று சொல். என்னைப் பார்க்க விருப்பம் என்று அவள் சொன்னால் கூட்டி வா. விருப்பமில்லை என்றால் அதையும் அவள் வாயாலேயே சொல்லட்டும். அவள் பேசினாள் என்று இருக்கும். எது சொன்னாலும் எனக்கு எழுது.

இதை எழுதிக்கொண்டு வந்த நேசமலர் கேட்டாள். "அப்பு, நீங்கள் இப்ப சொன்னதை அண்டைக்குக் கேட்ட ஆக்கள் ஆரும் கேட்டவையோ?"

எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஏரம்பு எண்பத்தாறு புரட்டாதியில் வயல் வரம்பில் புடையன் பாம்பு தீண்டிச் செத்தார். அவளுடைய அம்மா ஜெகதீஸ்வரி, எண்பத்தேழு ஐப்பசியில், எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஷெல் விழுந்து அதே குசினி வாசலில். கையில் அரிவாள்மனை இருந்தது. அவளுடைய அப்பா மயில்வாகனம் ஐயா அதற்குப் பிறகு கதிரையை விட்டு எழும்பவில்லை, எட்டு மாதத்தில் போனார். பிள்ளை அங்கே நின்றாள், ஆனால் அவளுக்குக் கேட்கவில்லை. சொன்னவன் நான், என்னைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

என் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லைக் கேட்டவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரேயொரு ஆள். நேசமலர், இப்போது மேலே போய்த் தலைப்பை எழுது. யாருக்கு என்று கேட்கிறாய், எழுது.

என் மருமகள் மீனம்மாவுக்கு.